வாய்க்காலுக்கு மேற்கே கொஞ்சம் பாண்டி

பாண்டிக்குப் போறேன்னு திண்டிவனத்துல யார்கிட்ட சொன்னாலும் ஒரு மாதிரி சிரிப்பாங்க. "தனியாவா, செட்டு சேர்ந்தா?"ன்னு ஒரு கேள்வி வேற. இந்த தடவை நான் போனது பெரியப்பாவோட. அவருக்கு எழுபதைத் தாண்டிடுச்சு, டீயைத் தவிர எதையும் தொடமாட்டார். ஆகவே அந்த சந்தேகத்தை இத்தோட விட்டுடுங்க :-)

விஷயம் இதுதான். ஞாயித்துக்கிழமை காலையில பாண்டியோட பழைய தெருக்களை நடந்தே சுத்திக் காட்டறாங்க, வழிகாட்டி ஒருத்தர் கூடவே வந்து கதை சொல்லுவார்னு ஆபீஸ் நண்பன் ஒருத்தன் சொன்னான். பிரபஞ்சனோட 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' ரெண்டையும் காலேஜ்ல படிச்ச நாள்ல இருந்து அந்த ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டை ஒரு தடவை பார்த்துடணும்னு இருந்தது. சென்னையில இருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்கு வந்தேன். பெரியப்பாகிட்ட சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "ரங்கப்பிள்ளை தெருவா? பெரிய மார்க்கெட் இருக்கறதே அங்கதானடா, நானும் வரேன்"னு துண்டை எடுத்துத் தோள்ல போட்டுட்டார்.

பெரியப்பாவுக்கும் அந்த மார்க்கெட்டுக்கும் பழைய கணக்கு உண்டு. எங்க ஊரு கிளியனூர் பக்கத்துல. கத்திரிக்கா, வெண்டைக்கா, சீசன்ல மல்லாட்டைன்னு விடிகாலை முதல் பஸ்சுல மேல ஏத்தி பாண்டி பெரிய மார்க்கெட்டுல எறக்கறதுதான் அவர் பொழப்பு. நான் எஞ்சினியரிங் சேர்ந்த வருஷம் என் ஹாஸ்டல் பீஸ்ல பாதி அந்த கத்திரிக்காயில இருந்து வந்ததுதான்.

நடை ஆரம்பிச்சது கடற்கரையில. பதினோரு பேர் இருந்தோம். கூட்டிட்டுப் போனது கட்டடக்கலை படிச்ச ஒரு பொண்ணு, நல்ல தெளிவான பேச்சு. வெள்ளைக்காரத் தெருக்களைப் பத்தி நான் அதிகம் எழுதப் போறதில்ல. மஞ்சள் சுவர், காகிதப்பூ கொடி, நீலப் பலகையில தெருப் பேர், அதுக்கு முன்னாடி நின்னு போட்டோ. எல்லாரும் பார்த்ததுதான். நானும் ரெண்டு எடுத்தேன், இல்லேன்னு சொல்லல.

ஆனா அந்தப் பொண்ணு சொன்ன ஒரு விஷயம் எனக்குப் புதுசு. பாண்டியோட நேர்நேர் தெருக்களைப் பார்த்தா பிரெஞ்சுக்காரன் மூளைன்னு நாம நினைக்கறோம். 1693-ல டச்சுக்காரங்க பாண்டியைப் பிடிச்சு 1699 வரைக்கும் கையில வெச்சிருந்தாங்க. கட்டம் போட்ட மாதிரி தெருக்களுக்கு வரைபடம் போட்டது அவங்கதான். பிரெஞ்சுக்காரங்க திரும்பி வந்து அதையே வளர்த்துக்கிட்டாங்க. வேற ஒருத்தன் எழுதின கோடை வாங்கி மேல மேல ஒட்டு போட்டு, கடைசியில நம்ம பேரை போட்டுக்கற வேலை. எங்க தொழில்ல இது தினமும் நடக்கறதுதான்.

ஊரை ரெண்டா வெட்டறது பெரிய வாய்க்கால். கிழக்கே வெள்ளை ஊர், மேற்கே தமிழர் ஊர். அந்தக் காலத்துல 'கறுப்பர் பட்டணம்'னே பேர். வாய்க்காலோட ரெண்டு கரையிலயும் ரெண்டு ரோடு போகுது. ஒண்ணு செஞ்சி சாலை, இன்னொண்ணு ஆம்பூர் சாலை. ஆம்பூர்ல 1749-லயும் செஞ்சியில 1750-லயும் பிரெஞ்சுப் படை ஜெயிச்சது. செஞ்சிக் கோட்டையை புஸ்ஸி ஒரே ராத்திரியில பிடிச்ச கதையை நம்ம பக்கத்துல இன்னும் சொல்லுவாங்க. அதே 1750 டிசம்பர்ல நிஜாம் நாசர் ஜங் செஞ்சிக்குப் பக்கத்துல தன்னோட கூட இருந்த கடப்பை நவாபு கையாலயே சுடப்பட்டு செத்தார். டூப்ளே அந்த சந்தோஷத்துல, சம்பவம் நடந்த இடத்துல தன் பேர்ல ஒரு ஊரே கட்ட ஆரம்பிச்சார். 'டூப்ளே பத்தேபாத்'னு பேர். 1752-ல கிளைவ் வந்து அதை இடிச்சுத் தள்ளிட்டான்.

இதை நான் உற்சாகமா பெரியப்பாகிட்ட சொல்லிட்டு வந்தேன். அவர் வாய்க்காலைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கிட்டு, "தண்ணி ஓடறதா இல்லியா இது?"ன்னார்.

வாய்க்காலைத் தாண்டினதும் கூட்டத்துல நாலு பேர் காபி குடிக்கப் போறோம்னு கழண்டுட்டாங்க. எனக்கு அவங்க மேல கோவம் இல்ல. போட்டோ எடுக்க இங்க ஒண்ணும் இல்லங்கறது உண்மைதான். பாதி வீடு இடிச்சு மூணு மாடி ஆயிடுச்சு. ஷட்டர் போட்ட செல்போன் கடை, பாத்திரக்கடை. நடுவுல திடீர்னு ஒரு பழைய வீடு, தெருவை ஒட்டி மரத்தூண் நிறுத்தி ஓடு போட்ட தாழ்வாரம், அதுக்குள்ள திண்ணை. வழிப்போக்கன் மழைக்கு ஒதுங்கட்டும்னு தெருவுக்கே விட்டுக் கொடுத்த இடம் அது. செட்டித் தெரு, வெள்ளாளர் தெரு, கோமுட்டித் தெருன்னு சாதிவாரியா பிரிச்ச ஊர்தான், அதுல ஒண்ணும் பெருமை இல்ல. ஆனாலும் திண்ணை நல்ல ஏற்பாடு.

கடைசியா மார்க்கெட் சத்தம் கேட்க ஆரம்பிச்சது. பூ, மீன், பழம் எல்லாம் கலந்த வாசனை. வழிகாட்டிப் பொண்ணு ஒரு வீட்டு முன்னாடி நின்னு, "இதுதான்"னு சொல்லிச்சு.

பெரியப்பா அந்தக் கதவையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "டேய், இந்த வீட்டு முன்னாடிதான்டா முப்பது வருஷம் மூட்டையை எறக்கி வெச்சிட்டு மூச்சு வாங்குவேன். யாரோ பெரிய மனுஷன் வீடுன்னு தெரியும். இவன்தான் அவன்னு ஒருத்தனும் சொல்லலியே"ன்னார்.

அந்த இவன் யார்னு தெரியாதவங்களுக்காக. ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ல சென்னை பெரம்பூர்ல பிறந்தவர். அப்பா திருவேங்கடம் பிள்ளை. சின்ன வயசுலயே குடும்பம் பாண்டிக்கு வந்துடுச்சு. பிரெஞ்சுக் கம்பெனியில துபாஷியா, டூப்ளேக்கு வலது கையா, 1740-களோட கடைசியில தென்னிந்தியாவுல பெரிய செல்வாக்குள்ள வியாபாரியா இருந்தவர். ஆனா அதுக்காக யாரும் அவரை இன்னிக்கு ஞாபகம் வெச்சிருக்கல. 1736 செப்டம்பர் 6-ந் தேதி ஒரு நோட்டை எடுத்து, காதால் கேட்டது கண்ணால் பார்த்தது எல்லாத்தையும் எழுத ஆரம்பிச்சார். 1761-ல சாகற வரைக்கும் எழுதினார். கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டாங்க, துணி என்ன விலை, யாருக்கு யார் லஞ்சம் கொடுத்தாங்க, கவர்னர் பெண்சாதி என்ன சொன்னாங்க... எல்லாமே. அதுவும் பேசற தமிழ்ல. தமிழ்ல எழுதறதுன்னா புலவர் நடையில செய்யுள் எழுதறதுங்கற காலத்துல இந்த மனுஷன் வாயில வந்ததை அப்படியே எழுதி வெச்சிருக்கார்.

எதுக்கு எழுதினார்? அந்த வீட்டு வாசல்ல நிக்கும்போது எனக்கு ஒண்ணு தோணிச்சு. இது என் யூகம்தான். அவரோட மாமா நைநியப்பப் பிள்ளை அவருக்கு முன்னாடி கம்பெனியோட தலைமைத் தரகரா இருந்தவர். 1716-ல கவர்னர் எபேர் அவரை திடீர்னு பிடிச்சு உள்ள போட்டார். பின்னாடி ஏசு சபைப் பாதிரிகளோட தூண்டுதல் இருந்தது, நைநியப்பர் மதம் மாறாத இந்து, அதுவும் ஒரு காரணம். தெருவுல வெச்சு சவுக்கடி, சொத்து பறிமுதல். 1717-ல ஜெயில்லயே செத்துப் போனார். விசாரணை பூரா தனக்குப் புரியாத பாஷையில நடந்ததுங்கறது அவர் தரப்போட முக்கியமான முறையீடு. அவர் மகன் குருவப்பன் பிரான்சுக்கே போய், அங்கே கிறிஸ்துவரா மாறி, ராஜாகிட்ட செவாலியே பட்டமும் வாங்கிட்டு வந்தார். தீர்ப்பும் பிரான்ஸ்ல மாறிச்சு. செத்தவர் வரப்போறதில்லையே.

அப்போ ஆனந்தரங்கருக்கு ஏழெட்டு வயசு. எல்லாமே இன்னொருத்தன் பாஷையில இன்னொருத்தன் காகிதத்துல இருந்தா நம்ம கதி என்ன ஆகும்னு அந்த வீட்டுல வளர்ந்த பையனுக்கு யாரும் பாடம் எடுத்திருக்க வேண்டியதில்ல. எங்க ஆபீஸ்ல ராத்திரி சர்வர் படுத்துடுச்சுன்னா முதல்ல கேக்கறது "லாக் இருக்கா?"ங்கறதுதான். லாக் இல்லேன்னா பழி யார் தலையிலயாவது விழும். பெரும்பாலும் அந்த நேரம் டூட்டியில இருந்தவன் தலையில. பிள்ளை 25 வருஷம் லாக் எழுதினார்னு நான் புரிஞ்சுக்கறேன்.

வீட்டைப் பத்தி. 1730-கள்ல கட்டினது. கீழே நம்ம ஊர் முற்றமும் செதுக்கின மரத்தூணும், மேல் மாடியில பிரெஞ்சு பாணியில வெள்ளைக் காரைத் தூண்கள். ஆள் எப்படி இருந்தாரோ அப்படியே வீடும். நாங்க போன அன்னிக்குக் கதவு சாத்தி இருந்தது, உள்ளே இருக்கறதை அந்தப் பொண்ணு டேப்லட்ல படமா காட்டிச்சு. பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, "தேக்கு"ன்னு ஒரே வார்த்தை சொன்னார்.

இங்க ஒரு விஷயம். பிள்ளையை நான் சாமியாக்க விரும்பல. 1748 செப்டம்பர்ல இங்கிலீஷ்காரன் பாஸ்கவன் பாண்டியை முற்றுகை போட்டிருந்த சமயம், இப்போ சம்பா கோயில்னு சொல்ற மாதா கோயிலுக்குப் பக்கத்துல இருந்த வேதபுரீசுவரர் கோயிலை இடிச்சாங்க. வருஷக்கணக்கா பாதிரிகள் கேட்டுக்கிட்டு இருந்தது, யுத்தம் சாக்காப் போச்சு. டூப்ளே மனைவியும் அதுல முன்னாடி நின்னாங்க. பிள்ளை அதை வயிறு எரிஞ்சு எழுதறார். பாதிரிகளைத் திட்டறார், கவர்னர் அம்மாவைத் திட்டறார், ஒத்துமையா நிக்காத ஊர்ப் பெரியவங்களையும் விடல. படிக்கும்போது கை நடுங்கும். ஆனா மறுநாளும் அவர் டூப்ளே முன்னாடி போய் வழக்கம்போல நின்னார். துபாஷி வேலையை விடல. 1756-ல அவங்களா பதவியை எடுக்கற வரைக்கும் இருந்தார். சம்பளத்துக்கு வேலை செய்யறவன் நான், எனக்கு அது புரியுது. புரியறதால பிடிக்கணும்னு இல்லையே.

நோட்டுல வர்ற எல்லாரும் பெரிய மனுஷங்களும் இல்ல. 1740-ல ராகோஜி போன்ஸ்லேயோட மராட்டியப் படை ஆற்காட்டு சீமையில இறங்கினப்போ நவாபு தோஸ்த் அலி போர்ல செத்து, அவர் குடும்பம் பாண்டிக்குள்ள தஞ்சம் வந்தது. அப்போ பின்னாடியே சட்டிப் பானையோட ஓடி வந்த ஜனங்களும் உண்டு. ஆற்காட்டுக்கும் பாண்டிக்கும் நடுவுல இருக்கற ஜனம்னா யாரு, நம்ம திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து ஆளுங்கதான். நவாபு வீட்டுப் பல்லக்குக்கு விவரம் உண்டு. இவங்களுக்குப் பேர் கிடையாது.

அதைவிட மோசமா ஒண்ணு. 1743-ல ஆள் பிடிக்கற கும்பல் ஒண்ணு பிடிபட்டதை எழுதறார். வேலை தரேன், அது தரேன்னு ஏமாத்திக் கூட்டிட்டு வந்து, ஊருக்குள்ள ஒரு வீட்டுல அடைச்சு வெச்சு, ராத்திரியில கப்பல்ல ஏத்திடுவாங்க. இந்தக் கடற்கரையில இருந்து அடிமைகளை பிரெஞ்சுக்காரங்க மொரீசியஸ், ரீயூனியன் தீவுகளுக்குத்தான் கொண்டு போனாங்க. காலையில நாங்க வரிசையா நின்னு போட்டோ எடுத்தோமே, அதே கடற்கரைதான். கூட்டிட்டு வந்த பொண்ணு இதைச் சொல்லல. நான் கேட்டப்போ, "தெரியும் சார், காலையில குடும்பத்தோட வர்றவங்ககிட்ட எப்படி சொல்றதுன்னு தெரியல"ன்னாங்க. நியாயமான பதில்தான். ஆனா சொல்லணும்னு நினைக்கறேன்.

முடிவு எல்லாருக்கும் தெரிஞ்சது. 1760 ஜனவரி 22-ல வந்தவாசியில பிரெஞ்சுப் படை தோத்தது. அதுக்கப்புறம் அயர் கூட் திண்டிவனத்துக்குப் பக்கத்துல இருக்கற பெருமுக்கல் கோட்டை, கடலோரத்துல ஆலம்பரைக் கோட்டைன்னு ஒவ்வொண்ணா பிடிச்சுக்கிட்டே வந்து பாண்டியைச் சுத்தி உட்கார்ந்தான். ஊருக்குள்ள சோத்துப் பஞ்சம். பிள்ளை உடம்பு முடியாம அந்த ஜனவரியிலயே, ஊர் விழறதுக்குச் சில நாள் முன்னாடி கண்ணை மூடிட்டார். 1761 ஜனவரி 16-ல லாலி சரணடைஞ்சார். இங்கிலீஷ்காரங்க கோட்டையையும் ஊரையும் தரைமட்டமாக்கினாங்க. இன்னிக்கு நாம பார்க்கற வெள்ளை ஊர் எல்லாம் 1765-க்கு அப்புறம் திரும்பக் கட்டினது. அதுக்கு முந்தின பாண்டியில மிஞ்சின கொஞ்சநஞ்சத்துல ஒண்ணு, என் பெரியப்பா கத்திரிக்கா மூட்டை சாய்ச்சு வெச்ச இந்தச் சுவர்.

அங்கே இருந்து நடந்து ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவுக்கு வந்தோம். 1748-ல இடிச்ச வேதபுரீசுவரரை நாப்பது வருஷம் கழிச்சு வேற இடத்துல கட்டினாங்க, அது இந்தப் பக்கம்தான். பாரதி குடியிருந்த வீடும் இந்தத் தெருவுலதான். 1908-ல 'இந்தியா' பத்திரிகை மேல கேஸ் வந்ததும் பாண்டிக்கு ஓடி வந்தவர், 1918 நவம்பர்ல திரும்பிப் போகும்போது கடலூர் பக்கம் பிடிபட்டார். நடுவுல பத்து வருஷம் இந்தத் தெருக்கள்தான். அரவிந்தர் 1910 ஏப்ரல் 4-ல வந்து இறங்கி, தங்கினது கலவை சங்கர் செட்டியார் வீட்டுல. அதே வருஷம் வ.வே.சு. ஐயர். 1911 ஜூன்ல மணியாச்சியில ஆஷ் கொலை நடந்ததும் பிரிட்டிஷ் போலீஸ் உளவாளிகள் பாண்டியிலயே வாடகைக்கு வீடு பிடிச்சு உட்கார்ந்துட்டாங்க.

அந்தச் சமயம் பிரெஞ்சு அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. வெளியூர்க்காரன் இங்க இருக்கணும்னா ஊர்ப் பெரியவங்க அஞ்சு பேர் கையெழுத்து வேணும். கையெழுத்துப் போடறவனும் போலீஸ் கண்ணுல பட்டுடுவான். அரவிந்தருக்காக அஞ்சு பேர் போட்டாங்க. சங்கர் செட்டியார் அதுல ஒருத்தர். நம்மள்ல எத்தனை பேர் அடுத்தவன் வீட்டு லோனுக்கே ஜாமீன் கையெழுத்துப் போடுவோம்?

பாரதிக்கு வீடு கொடுத்த விளக்கெண்ணெய் செட்டியார் வாடகையே கேக்கமாட்டாராம், வருவார், உட்கார்ந்து பாட்டைக் கேட்டுட்டுப் போயிடுவாராம். வ.ரா. எழுதியிருக்கார். தெருவையே சாதிவாரியா பிரிச்ச இதே ஊர்லதான் பாரதி 1913-ல கனகலிங்கம்ங்கற தலித் இளைஞருக்குப் பூணூல் போட்டு வெச்சார். அந்தக் கனகலிங்கமே பின்னால 'என் குருநாதர் பாரதியார்'னு புத்தகம் எழுதினார். பூணூல் போட்டா சாதி போயிடுமாங்கறது வேற விவாதம். ஆனா இந்த ஊர்ல ஒரு தலித் தானே உட்கார்ந்து தன் கதையை எழுதினது எனக்குப் பெரிய விஷயமாப் படுது. பிள்ளையோட நோட்டுல அந்தப் பக்கத்து ஆளுங்களுக்குப் பேரே இல்லன்னு சொன்னேனே, அதை நினைச்சுக்கிட்டுதான் சொல்றேன்.

பெருமாள் கோயில் தெரு பாரதிதாசன் வீட்டுக்குப் போகும்போது வெயில் ஏறிடுச்சு. பெரியப்பாவுக்கு முட்டி வலி. வாசல்ல பார்த்துட்டு அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடிச்சோம்.

பஸ்சுல அவருக்கு மிச்சக் கதையைச் சொன்னேன். பிள்ளையோட நோட்டுகள் அந்தக் குடும்பத்துலயே கிடந்து, 1846-ல காலுவா மோம்ப்ரேன்ங்கற பிரெஞ்சுக்காரர் கண்ணுல பட்டது. 1904-ல இருந்து 1928-க்குள்ள சென்னை அரசாங்கம் இங்கிலீஷ்ல 12 தொகுதியா போட்டுது. எழுதினது தமிழ்ல, முழுசா வந்தது முதல்ல இங்கிலீஷ்ல. தமிழ்ல 12 தொகுதியும் முழுசா வந்தது 2019-ல, போட்டது அகநி. எந்த ஊர்ப் பதிப்பகம் தெரியுமா? வந்தவாசி! எந்த ஊர் யுத்தத்துல பாண்டியோட கதை முடிஞ்சதோ அதே ஊர்.

பெரியப்பா கேட்டுக்கிட்டே வந்தார். கிளியனூர் தாண்டினதும், "அன்னன்னிக்கு விலைவாசி எல்லாம் எழுதி இருக்கான்னியே. கத்திரிக்கா என்ன விலைன்னு எழுதி இருக்கானா?"ன்னு கேட்டார்.

துணி விலை, நெல்லு விலை படிச்ச ஞாபகம் இருக்கு. கத்திரிக்காய் ஞாபகம் இல்ல. மூணாவது தொகுதியில இருக்கேன், இன்னும் ஒன்பது பாக்கி. தேடிப் பார்த்துச் சொல்றேன்னு சொல்லி இருக்கேன்.